பெற்றோரைக் கூப்பிடுங்கள், என்ன வேலைக்கு என்று சொல்லிக் கூப்பிடுங்கள்

பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெற்றோர் பள்ளிப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை என்று வருத்தப்பட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதிய கடிதத்தை உங்கள் பக்கத்தில் படித்தேன். அவருடைய வருத்தம் புரிகிறது. ஆனால் நான் மூன்று வருடமாக வாரம் ஒரு நாள் என் மகள் படிக்கும் பள்ளிக்குப் போய், பிள்ளைகள் வாசிப்பதை உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதனால் இதில் சொல்ல எனக்கும் கொஞ்சம் இருக்கிறது. கடிதம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வராத பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். நான் பார்த்தவரை பலரும் வராததற்குக் காரணம் வேறு. என்ன வேலை, எந்த நாள், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று யாரும் அவர்களிடம் சொன்னதே இல்லை. "பெற்றோர் பள்ளிக்கு உதவ முன்வர வேண்டும்" என்று பொதுவாகச் சொன்னால் யார்தான் முன்வருவார்கள்? எதற்கு முன்வர வேண்டும் என்றே தெரியாதே.

என் கதையையே சொல்கிறேன். மகள் முதல் வகுப்பில் சேர்ந்த வருடம் பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாளைச் சுற்றுக்கு விட்டார்கள். உதவ விருப்பமுள்ளவர்கள் பெயர் எழுதலாம், வேலை நாட்களில் காலை பத்து மணிக்கு வரக்கூடியவர்களாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் அதில் இருந்தது. நான் வேலைக்குப் போகிறவள். தாளை அப்படியே பக்கத்தில் இருந்தவரிடம் தள்ளிவிட்டேன். எழுதியவர்கள் ஐந்து பேர், அந்த ஐந்து பேரும் ஏற்கெனவே ஒருவரையொருவர் நன்றாகத் தெரிந்தவர்கள். அடுத்த இரண்டு வருடம் ஆண்டு விழா மேடை அலங்காரம், விளையாட்டு நாள் ஏற்பாடு எல்லாம் அவர்கள்தான் செய்தார்கள், நன்றாகவே செய்தார்கள், அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் மிச்சம் இருந்த நாங்கள் எல்லோரும் 'ஆர்வம் இல்லாத பெற்றோர்' ஆகிவிட்டோம். ஒரு கூட்டத்தில் அந்த வார்த்தையைச் சொல்லியே பேசினார்கள். அன்று வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் எனக்கு மனசு ஆறவில்லை.

மாற்றம் வந்தது ஒரு வகுப்பு ஆசிரியையால். மகளைக் கூப்பிடப் போன ஒரு மாலையில் அவர் என்னை நிறுத்திக் கேட்டார்: "புதன்கிழமை முதல் பீரியட், நாற்பது நிமிஷம், மூணு பிள்ளைங்க வாசிக்கிறதைக் கேக்கணும். சொல்லிக்கொடுக்க வேண்டாம், கேட்டா போதும். வருவீங்களா?" இவ்வளவு தெளிவாகக் கேட்டதால்தான் என்னால் யோசிக்கவே முடிந்தது. அலுவலகத்தில் பேசினேன், புதன் மட்டும் ஒரு மணி நேரம் தாமதமாக வந்து மாலையில் ஈடுகட்டிக்கொள்கிறேன் என்றேன், ஒப்புக்கொண்டார்கள். பொதுவாக 'பள்ளியில் உதவி செய்ய நேரம் வேண்டும்' என்று கேட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பார்களா, தெரியாது.

கேட்பது என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது என்று நினைத்துத்தான் போனேன். அப்படி இல்லை. எழுத்துக் கூட்டி வாசிக்கும் பிள்ளை ஒரு சொல்லில் நின்றுவிட்டால் உடனே அந்தச் சொல்லைச் சொல்லிவிட நமக்கு நாக்கு துறுதுறுக்கும். சொல்லக்கூடாது. மனசுக்குள் ஐந்து வரை எண்ண வேண்டும் என்று ஆசிரியை கற்றுக்கொடுத்தார். பல நேரம் நான்காவது எண்ணிலேயே பிள்ளை தானாகச் சொல்லிவிடும், அப்போது அதன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! படத்தைப் பார்த்து ஊகித்து வாசிக்கும் பிள்ளைகள் உண்டு. 'மரம்' என்று எழுதியிருக்கும், படத்தில் கிளி இருந்தால் 'கிளி' என்று வாசித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். ஒரு பையன் புத்தகம் முழுவதையும் மனப்பாடமாக வைத்திருந்தான். தடங்கலே இல்லாமல் போனதால் எனக்கே சந்தேகம் வந்து, நடுவில் ஒரு சொல்லை மட்டும் விட்டு மற்றதைக் கையால் மறைத்துக் கேட்டேன், அவனால் வாசிக்க முடியவில்லை. அறுபது பேரோ நாற்பது பேரோ இருக்கிற வகுப்பில் ஒரு ஆசிரியரால் இதை எப்படிக் கண்டுபிடிக்க முடியும்? எல்லோரும் சேர்ந்து சத்தமாக வாசிக்கும்போது அவன் குரலும் அதில் சேர்ந்துதான் ஒலித்திருக்கும்.

ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் எத்தனை பிள்ளைகளைத் தடுமாற வைக்கிறது என்று அங்கே உட்கார்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கொடு, கோடு. வெட்டி, வேட்டி. மலை, மழை கூடப் பரவாயில்லை, வாக்கியத்தை வைத்துப் பிள்ளைகளே சரிசெய்துகொள்வார்கள். கொம்பு எழுத்துக்கு முன்னால் வந்து நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது, இதில் ஆறு வயதுப் பிள்ளை குழம்புவதில் என்ன ஆச்சரியம்? இதையெல்லாம் ஒரு சின்ன நோட்டில் தேதி போட்டு இரண்டு வரி எழுதி ஆசிரியையிடம் கொடுத்துவிட்டு வருவேன். அந்த இரண்டு வரி தனக்கு எவ்வளவு பயன்படுகிறது என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். வீட்டில் அலங்காரத் தோரணம் வெட்டிக் கொடுத்திருந்தால் இது நடந்திருக்காது.

காதால் கேட்பதற்கு இவ்வளவு பலமா என்று சிலருக்குத் தோன்றலாம். லண்டனில் ஹாரிங்கே என்ற பகுதியில் ஜாக் டிசார்ட், ஸ்கோஃபீல்ட், ஜென்னி ஹியூசன் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1970களில் இரண்டு வருடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள், முடிவு 1982இல் வெளியானது. ஒரு பகுதிப் பிள்ளைகள் ஆசிரியர் கொடுத்துவிட்ட புத்தகத்தை வீட்டில் பெற்றோரிடம் வாசித்துக் காட்டினார்கள். இன்னொரு பகுதிப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே கூடுதல் ஆசிரியரை வைத்து வாசிப்புப் பயிற்சி கொடுத்தார்கள். பெற்றோரிடம் வாசித்துக் காட்டிய பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். கூடுதல் ஆசிரியர் கிடைத்தவர்களிடம் அந்த அளவு முன்னேற்றம் இல்லை. அந்தப் பெற்றோரில் ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவர்களும் இருந்தார்கள் என்பதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது.

ஏனென்றால் அப்படி ஒரு அம்மாவை எனக்குத் தெரியும். வகுப்பு வாசலுக்கு வெளியே எப்போதும் நின்றுகொண்டே இருப்பார், உள்ளே வரமாட்டார். ஒருநாள் ஆசிரியை அவரையும் கூப்பிட்டார். "எனக்குப் படிக்கத் தெரியாதே மிஸ்" என்றார் அவர். "கேக்கத் தெரியும்ல?" என்று கேட்டார் ஆசிரியை. உள்ளே வந்து உட்கார்ந்தார். பிள்ளைகள் அவருக்கு வாசித்துக் காட்டியதோடு நிற்கவில்லை, கதையைப் படத்தைக் காட்டிக் காட்டி விளக்கினார்கள். அவரும் "அப்புறம் என்ன ஆச்சு?" என்று உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டார், ஏனென்றால் அவருக்கு உண்மையிலேயே தெரியாது! எனக்குக் கதை ஏற்கெனவே தெரியும் என்பது பிள்ளைகளுக்கும் தெரியும், அதனால் என்னிடம் அந்தச் சுவாரஸ்யத்தோடு சொல்வதில்லை. என்னைவிட அவர் நல்ல கேட்பாளர்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2014இல் கீத் ராபின்சன், ஏஞ்சல் ஹாரிஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், பெற்றோர் பள்ளியில் தொண்டு செய்வது போன்ற பல வகை ஈடுபாடுகளால் அவரவர் பிள்ளையின் மதிப்பெண் சீராகக் கூடுவதாகத் தெரியவில்லை என்று எழுதினார்கள். இதைக் கேட்டுப் பலர் 'அப்போ எதுக்குப் போகணும்' என்றார்கள். எனக்கு இதில் சண்டையே இல்லை. நான் போனதால் என் மகளின் மதிப்பெண் ஒன்றும் கூடவில்லை. ஆனால் நான் உட்கார்ந்து கேட்டது மற்ற பிள்ளைகள் வாசிப்பதை, அந்தப் பலனை என் மகளின் விடைத்தாளில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? சொந்தப் பிள்ளைக்கு லாபம் என்று ஆசை காட்டிப் பெற்றோரை அழைப்பதை முதலில் நிறுத்த வேண்டும். அந்த ஆசையில் வருகிறவர்கள் கண்ணும் காதும் சொந்தப் பிள்ளை மேலேயே இருக்கும்.

எனக்கும் அப்படித்தான் இருந்தது. முதல் மாதம் மகளின் வகுப்பிலேயே உட்கார்ந்தேன். ஆசிரியை கேள்வி கேட்டால் அவள் என்னைப் பார்ப்பாள். நான் பக்கத்துப் பிள்ளையின் தோளில் கை வைத்தால் அவள் முகம் மாறும். தினமும் நன்றாகப் பேசுகிற பிள்ளை நான் வந்த நாளில் மட்டும் வாயே திறப்பதில்லை என்று ஆசிரியை மெதுவாகச் சொன்னார். அடுத்த வாரத்தில் இருந்து வேறு வகுப்புக்கு மாறினேன். எந்தப் பள்ளியிலும் இதை முதல் விதியாகவே வைத்துவிடலாம்.

இரண்டாவது விதி ஒன்று உண்டு, அதை நான் தப்பு செய்து கற்றுக்கொண்டேன். வகுப்பில் பார்த்ததை வெளியே பேசக்கூடாது. ஒரு பையன் மூன்றாம் வகுப்பு வந்தும் வாசிக்கத் திணறுகிறான் என்பதை, பரிதாபப்பட்டுத்தான், ஒரு தோழியிடம் சொன்னேன். பெயர்கூடச் சொல்லவில்லை. ஆனாலும் பத்து நாளில் அது அவன் அம்மாவின் காதுக்குப் போய்விட்டது, 'உன் பையனுக்கு ஒண்ணும் வரலையாமே' என்ற வடிவத்தில். அவன் இரண்டு வாரம் என்னிடம் வாசிக்க வரவே இல்லை. நான் அவன் வீட்டுக்குப் போய் அவன் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை, "அவன் உங்களை நம்பினான்க்கா" என்றார். அந்த வார்த்தை இன்னும் எனக்குள் கிடக்கிறது. ஒரு பிள்ளை வகுப்பில் அழுததை, உடை நனைந்ததை, வீட்டைப் பற்றி வெகுளியாகச் சொன்னதை நாம் பார்க்கிறோம், கேட்கிறோம். கவலைப்பட வேண்டிய விஷயமாக இருந்தால் ஆசிரியரிடம் சொல்ல வேண்டும், அதோடு நம் வாய் மூடிக்கொள்ள வேண்டும். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் எழுதுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பாதுகாப்பு பற்றியும் கேட்பார்கள், கேட்க வேண்டும். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் பிள்ளைகளோடு வேலை செய்ய வரும் பெரியவர்களின் பின்னணியைச் சரிபார்க்கும் முறை இருக்கிறது, தொண்டு செய்ய வரும் பெற்றோரையும் பல இடங்களில் அப்படிப் பார்க்கிறார்கள். என்னைச் சந்தேகப்படுகிறார்களா என்று யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. முறையான சோதனை எதுவும் இல்லாத பள்ளியிலும்கூட, கதவு திறந்திருக்கும் அறையில், ஆசிரியர் கண்ணில் படும் இடத்தில்தான் உட்கார வேண்டும். தனியறையில் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கவே கூடாது. இது பிள்ளைக்கும் நல்லது, நமக்கும் நல்லது.

அப்பாக்கள் விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் 1897இல் ஆலிஸ் பர்னியும் ஃபீபி ஹர்ஸ்டும் சேர்ந்து வாஷிங்டனில் ஒரு மாநாடு கூட்டினார்கள், அங்கே இன்று பெரிதாக இருக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் தொடக்கம் அதுதான். ஆனால் அன்று அதன் பெயர் தாய்மார்கள் பேரவை. பெயரில் இருந்து 'தாய்மார்கள்' போய் 'பெற்றோர்' வந்து நிற்க 1924 வரை ஆனது, அதாவது 27 வருடம். பெயர் மாறிவிட்டது, சரி. ஆனால் இன்றைக்கும் பள்ளியில் இருந்து உதவி கேட்டு அழைப்பு வந்தால் அது அம்மாவின் போனுக்குத்தான் வருகிறது. என் கணவரை ஒருமுறைகூட யாரும் கேட்டதில்லை. அவரிடம் நான் கேட்டபோது, "கூப்பிட்டா போவேன், எனக்கென்ன" என்றார். பிறகு ஆசிரியையிடம் சொல்லி ஒரு புதன்கிழமை எனக்குப் பதிலாக அவர் போனார். என்னிடம் மூச்சுக்கூட விடாத இரண்டு பையன்கள் அவரிடம் போட்டி போட்டு வாசித்தார்களாம். ஆண்களும் புத்தகம் வாசிப்பதை உட்கார்ந்து கேட்பார்கள் என்று அந்தப் பையன்கள் பார்ப்பதே பெரிய விஷயம் என்று எனக்குப் படுகிறது.

இனி, பகலில் வரவே முடியாதவர்கள். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜாய்ஸ் எப்ஸ்டீன், பள்ளியோடு பெற்றோர் சேரும் வழிகளை ஆறு வகையாகப் பிரித்தவர், தொண்டு என்பதற்கே வேறு விளக்கம் கொடுத்தார். பள்ளி நேரத்தில் பள்ளிக் கட்டடத்துக்குள் வருவது மட்டுமே தொண்டு ஆகாது, பிள்ளைகளின் படிப்புக்கு எங்கிருந்தும் எந்த நேரத்திலும் துணை செய்கிற யாரும் தொண்டர்தான் என்றார். இதைத்தான் நான் நம் பள்ளிகளிடம் கேட்கிறேன். இரவு வேலை பார்க்கும் ஒருவர் வீட்டில் இருந்தே கதைகளைத் தன் குரலில் பதிவுசெய்து கொடுக்கலாம். ஒருவர் கிழிந்த நூலகப் புத்தகங்களை வீட்டுக்கு எடுத்துப்போய் ஒட்டித் தைத்து அட்டை போட்டுக் கொண்டுவரலாம். எழுத்து அட்டைகள் வெட்டலாம். எங்கள் பள்ளியில் ஒரு அப்பா மாதம் ஒரு சனிக்கிழமை வந்து ஆடும் பெஞ்சுகளுக்குத் திருகு முடுக்கிவிட்டுப் போகிறார், கூட்டங்களில் அவரை நான் பார்த்ததே இல்லை. அவரை யாராவது ஆர்வம் இல்லாத பெற்றோர் என்று சொல்ல முடியுமா?

சில பள்ளிகள் இதை வேறு திசையில் கொண்டுபோகின்றன, அதையும் சொல்லியாக வேண்டும். ஆசிரியர் இடம் காலியாக இருக்கிறது, ஒரு அம்மா நன்றாகப் படித்தவர், வகுப்பையே அவர் கையில் கொடுத்துவிடுவது. கழிப்பறை சுத்தம் செய்ய ஆள் இல்லை, பெற்றோர் முறை வைத்துச் செய்யட்டும் என்பது. இது தொண்டு இல்லை, சம்பளம் கொடுக்க வேண்டிய வேலையைச் சம்பளம் இல்லாமல் வாங்குவது. நான் மூன்று வருடம் வாசிப்பைக் கேட்டிருக்கிறேன், அதனால் வாசிக்கச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தெரியும் என்று ஆகாது. எந்தப் பிள்ளைக்கு எந்தப் புத்தகம், எங்கே திருத்த வேண்டும், எங்கே விட்டுவிட வேண்டும் என்பதெல்லாம் ஆசிரியை பயின்று வந்த தொழில். அவர் இல்லாமல் நான் அங்கே உட்கார்ந்திருந்தால் என் காதால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஆசிரியர்கள் பக்கமும் ஒரு பயம் இருக்கிறது, அது நியாயமானதும்கூட. உதவ வந்தவர் பின் பெஞ்சில் உட்கார்ந்து தன் பாடத்துக்கு மார்க் போடுவாரோ என்ற பயம். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போவது அதைவிட மோசம், ஏனென்றால் ஆசிரியர் நமக்காக மூன்று பிள்ளைகளையும் மூன்று புத்தகங்களையும் ஒதுக்கித் தயாராக வைத்திருப்பார், பிள்ளைகள் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். வாரம் வர முடியாதா, மாதம் ஒருமுறை என்று சொல்லுங்கள். ஆனால் சொன்ன நாளில் வாருங்கள்.

முடிவெடுக்கும் இடத்திலும் பெற்றோர் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இந்தியாவின் 2009ஆம் வருடத்துக் கல்வி உரிமைச் சட்டத்தில் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களில் குறைந்தது நான்கில் மூன்று பங்கு பெற்றோரோ பாதுகாவலரோ இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும், பின்தங்கிய குடும்பங்களின் பெற்றோருக்கும் அவர்கள் அளவுக்கு ஏற்ற இடம் வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் கோமர் 1968இல் நியூ ஹேவன் நகரத்தில் பின்தங்கிக் கிடந்த இரண்டு தொடக்கப் பள்ளிகளை முன்னேற்றும் வேலையைத் தொடங்கியபோதும் பெற்றோரைத் திட்டமிடும் குழுவிலேயே உட்கார வைத்தார். தொடக்கத்தில் பெற்றோருக்கும் பள்ளிக்கும் இடையே கோபமும் அவநம்பிக்கையும் நிறைய இருந்தது. வருடங்கள் போகப் போக அந்தப் பள்ளிகள் நன்றாகவே முன்னேறின. இருக்கை கொடுப்பது மட்டும் போதாது என்பதையும் நான் பார்த்திருக்கிறேன். குழுவில் பெயர் இருக்கும், ஆனால் கூட்டத்தில் நான்கு பேர் வேகமாகப் பேசி முடித்துவிட்டு நோட்டைக் கையெழுத்துக்கு நீட்டுவார்கள். வாசலில் நின்ற அந்த அம்மாவைப் போன்றவர்கள் அங்கே வாய் திறக்க, முதலில் அவர்கள் அந்தப் பள்ளிக்குள் ஏதாவது ஒரு வேலையாக நடந்து பழகியிருக்க வேண்டும். வகுப்பில் கேட்பாளராக உட்கார்ந்த ஆறு மாதத்தில், கூட்டத்தில் எழுந்து "சின்னப் பிள்ளைங்க கையெட்டுற உயரத்துல புத்தக அலமாரி வைக்கணும்" என்றவர் அவர்தான். வைத்தார்கள்.

ஆகவே, தலைமையாசிரியர்களுக்கு என் வேண்டுகோள்: அடுத்த முறை தாளைச் சுற்றுக்கு விடும்போது வெறும் பெயர் கேட்காதீர்கள். வேலையை எழுதுங்கள், நாளை எழுதுங்கள், எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள், வீட்டில் இருந்து செய்யக்கூடியவற்றைத் தனியாக எழுதுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு அதை ஒருவர் வாயால் சொல்லட்டும். அப்பாக்கள் போனுக்கும் அனுப்புங்கள். வேலை கொடுப்பவர்கள் மாதத்தில் இரண்டு மணி நேரம் இதற்காக விட்டுக்கொடுத்தால் எந்த நிறுவனமும் நட்டப்பட்டுவிடாது. எனக்கு விட்டுக்கொடுத்தவர்களுக்கு என் நன்றியை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நாளை புதன்கிழமை. நான் சொன்ன அந்தப் பையன் இப்போது மறுபடியும் என்னிடம் வருகிறான். ஒரு தவளைக் கதையில் பதினோராம் பக்கத்தில் நிற்கிறான், அடுத்த பக்கத்தைப் பார்க்கக் கூடாது என்று என்னிடம் சொல்லியிருக்கிறான், நானும் பார்க்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் வாசகி, ஒரு தாய்